சக்கரச் சுரையின் கதை

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவில் நிட்டம்புவையையும் பஸ்யாலையையும் கடந்து வரும் பிரயாணிகள் வரக்காப்பொலையில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் எள்ளுருண்டை வாங்குவதற்காகவே. சிங்களத்தில் 'தலகுலி' என வழங்கும் அவ்வுருண்டையின் புகழ் எங்கள் ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் இவ்வூரிலேயே வாழும் எங்களுக்கு நாள் முழுவதும் காதில் விழும் ஓசை வேறொன்று உண்டு. தெருவோரத்து டயர் கடைகளிலிருந்து எழும் 'ட்ர்ர்ர்' என்ற ஓசைதான் அது. நூறு மரங்கொத்திகள் ஒருங்கே கூடி ஓர் இரும்புத் தூணைக் கொத்தினால் எவ்வாறிருக்குமோ அவ்வாறிருக்கும். ஓசை எழுந்து ஓய்வதற்குள் ஒரு சக்கரம் கழன்று நிலத்தில் உருளும்.

அந்த ஓசையை எழுப்பும் கருவியை ஆங்கிலப் பெயராலேயே இம்பாக்ட் ரெஞ்ச் என்கின்றனர். தட்டித் தட்டித் திருகுவதால் அதனை மோதுசாவி என்று இவ்வுரையில் அழைக்க விரும்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்புவரை டயர் கடைக்கும் கராஜுக்கும் மட்டுமே உரியதாயிருந்த அக்கருவி இப்போது வீட்டு முற்றங்களுக்கும் வந்துவிட்டது. மின்கலத்தால் இயங்கும் மோதுசாவியை வாங்கிவைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தம் காரைத் தாமே பழுதுபார்ப்போரை எங்கள் ஊரிலும் காண்கிறேன். எதை வாங்கலாம், எப்படிக் கையாளலாம் என்று என்னிடமே இருவர் மூவர் கேட்டதுண்டு. நான் வரலாறு படித்தவனேயன்றிப் பொறியியல் படித்தவனல்லன். ஆகவே, வரலாற்று வழியாகவே அவ்வினாவுக்கு விடை காண முயல்கிறேன்.

இக்கண்டித் தெரு 1820இல் ஆள்பதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் வெட்டத் தொடங்கப்பெற்றது. அதன் பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவைக் கணவாயின் உச்சியில் இன்றும் நிற்கின்றது. அதே 1832இல் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே தபாற் குதிரைவண்டி ஓடத் தொடங்கிற்று. எனினும் அந்நூற்றாண்டு முழுவதும் இத்தெருவின் பெரும் பாரத்தைச் சுமந்தவை மாட்டுவண்டிகளே. மலைநாட்டுக் கோப்பி இறங்கியதும், தோட்டங்களுக்கு அரிசி ஏறியதும் அவற்றிலேதான்.

மாட்டுவண்டியின் சக்கரத்தைத் தாங்கி நின்றது ஒரு கடையாணி. அச்சின் முனையிலுள்ள துளையிற் செருகிய சிறு இரும்புத் துண்டு அது. திருகும் வேலை அதில் இல்லை. சக்கரத்தைக் கழற்றவேண்டுமாயின் சுத்தியலால் ஓர் அடி போதும். மாட்டவேண்டுமாயினும் ஓர் அடியே போதும். சக்கரம் கழற்றும் கலை தட்டுவதில் தொடங்கி, இடையில் முறுக்குவதற்கு மாறி, இன்று மீண்டும் தட்டுவதற்கே வந்திருக்கிறது என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொண்டால், இனி வருவதை விளங்கிக்கொள்வது எளிதாகும்.

1876இல் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து வந்த இறப்பர் நாற்றுகள் எங்கள் ஊருக்கு அணித்தேயுள்ள கம்பஹாவில், ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. 1888இல் ஜோன் பொய்ட் டன்லப் காற்றடைத்த டயரை ஆக்கினார். நாற்றை நட்டவர்களுக்கு டயர் தெரியாது. டயரை ஆக்கியவருக்கு ஹெனரத்கொட தெரிந்திருக்கவும் நியாயமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டும் ஒன்றையொன்று சந்தித்தன. கேகாலை மாவட்டத்து மலைச்சரிவுகள் இறப்பர்க் காடுகளாயின. அக்காடுகளிற் பால் வெட்டுவதற்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்களின் பேரன் பேத்திகளுக்குக் கற்பிப்பதே என் போன்ற ஆசிரியர்களின் தொழிலாயிற்று.

காற்றடைத்த டயர் சுகமான பிரயாணத்தைத் தந்தது. கூடவே பஞ்சரையும் தந்தது. முதற் கார்களின் சக்கரங்கள் கழற்றுவதற்கென்று செய்யப்பட்டவையல்ல. டயர் வெடித்தால் தெருவோரத்திலேயே குந்தியிருந்து, சக்கரம் வண்டியிலிருக்க டயரை மட்டும் பிடுங்கி ஒட்டவேண்டும். இத்துன்பத்துக்கு 1904இல் மாற்று ஒன்று கண்டவர்கள் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரத்தில், ஸ்டெப்னி வீதியிற் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள். ஆரக்கால்கள் இல்லாத ஒரு வளையத்தில் டயரை மாட்டி, அதனைப் பஞ்சரான சக்கரத்தின் விளிம்போடு கவ்விப் பொருத்தும் முறை அவர்களுடையது. அவர்களது வீதியின் பெயர் கடல் கடந்து, தமிழ்நாட்டு ஓட்டுநரின் வாயில் 'ஸ்டெப்னி' என நிலைத்துவிட்டது. லனெல்லியைக் கனவிலும் கண்டிராத ஒருவர் மதுரையிலே நின்று ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கேட்கிறார். சொற்களின் பிரயாணத்துக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை போலும்.

பின்னர், சக்கரத்தையே முழுதாகக் கழற்றி வேறொன்றை மாட்டும் முறை வந்தது. அப்போதுதான் நட் என்று நாம் வழங்கும் சுரை, சக்கரத்தின் காவலனாகப் பதவியேற்றது. நான்கு அல்லது ஐந்து புரியாணிகளும் அவற்றின்மேல் அத்தனை சுரைகளுமே ஒரு குடும்பத்தின் உயிரைத் தாங்கத் தொடங்கின.

சுரை வந்தவுடன் அதனைத் திருகும் ஸ்பேனரும் வரவேண்டுமன்றோ? எந்த ஸ்பேனர் என்பதுதான் நம் நாட்டில் நெடுங்காலம் நிலவிய தலைவலி. இங்கிலாந்தில் ஜோசப் விட்வேர்த் 1841இல் திருகாணிப் புரிகளுக்கு ஓர் ஒழுங்கை வகுத்தார். ஆங்கிலேயரின் இயந்திரங்களோடு அவ்வொழுங்கு இலங்கைத் தோட்டங்களுக்கும் வந்தது. 1854இல் ஜோன் வாக்கர் கண்டியில் தொடங்கிய பொறித்தொழிற் கம்பனி கோப்பித் தோட்டத்து இயந்திரங்களைச் செப்பனிடுவதற்காக எழுந்தது. தொழிற்சாலைப் பொறியை ஓட்டிய தோட்டத்து பிட்டர்மார் விட்வேர்த் அளவில் கை பழகியவர்கள். அமெரிக்கக் கார்கள் வேறோர் அளவில் வந்தன. 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் உடன்பட்டு ஒருமைப்படுத்திய புரியைக் கைக்கொண்டன. 1948 முதல் வெளிவந்த மொரிஸ் மைனரின் தொடக்ககால எஞ்சினிலோ இன்னுமொரு விசித்திரம் இருந்தது. அதன் ஆணிகளின் புரி பிரெஞ்சு மீற்றர் முறையிலானது; தலைகளோ விட்வேர்த் ஸ்பேனருக்கு ஏற்றவை. மொரிஸ் கம்பனி வாங்கிய எஞ்சின் தொழிற்சாலை முன்பு பிரெஞ்சுக் கம்பனியொன்றினுடையதாயிருந்ததே அதற்குக் காரணம். தாய்மொழி பிரெஞ்சு, உடுத்திய உடை ஆங்கிலம் எனலாம். 1977இன் பொருளாதார மாற்றத்துக்குப்பின் யப்பானியக் கார்கள் பெருகியபோது மில்லிமீற்றர் ஸ்பேனர்கள் மேலோங்கின. பழைய கராஜ் ஒன்றின் கருவிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், நாம் யாரிடமிருந்து எப்போது கார் வாங்கினோம் என்ற வரலாறு முழுவதையும் அதிலே படிக்கலாம்.

வீட்டில் தாமே பழுதுபார்க்கும் வழக்கம் நம்மிடையே வளர்ந்ததற்குக் காரணம் பொழுதுபோக்கன்று, தட்டுப்பாடே. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுகிப்போயிற்று. பதினாறு பதினேழு ஆண்டுகளாக, இருந்த கார்களையே ஒட்டி, பற்றவைத்து, மற்றொன்றின் உறுப்பைக் கடன் வாங்கி ஓட்டினோம். வரலாறு இரண்டாம் முறையும் அதே வாயிலால் நுழைந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய காரின் விலை ஏறிற்று. கராஜ் கூலியும் ஏறிற்று. தம் காரின் பிரேக்கைத் தாமே கழற்றிப் பார்க்கத் துணிந்தவர்கள் அக்காலத்திற் பெருகினர். அவர்கள் முதலில் மோதிக்கொண்ட எதிரி, துருவேறி இறுகிய சுரைதான். ஆண்டில் பெரும்பகுதி மழை பெய்யும் சப்பிரகமுவையில் துருவுக்கு ஓய்வு கிடையாது.

இறுகிய சுரையைக் கழற்ற நம்மவர் கண்ட உபாயங்கள் இரண்டு. ஸ்பேனரின் கைப்பிடியில் நீண்ட குழாயொன்றைச் செருகி நெம்புவது ஒன்று. ஸ்பேனரின்மேல் ஏறி மிதிப்பது மற்றொன்று. ஆனால் பெரிய இயந்திரங்களோடு பழகிய பிட்டர்மார் மூன்றாவது வழியொன்றையும் அறிந்திருந்தனர். தடித்த ஸ்பேனரைச் சுரையில் மாட்டி, அதன் வாலிற் சம்மட்டியால் அடிப்பார்கள். மெல்ல மெல்ல அழுத்தினால் அசையாத சுரை, திடீரென விழும் அடிக்கு அசைந்து கொடுக்கும். துருவின் பிடியை அவ்வதிர்ச்சி உடைத்துவிடுகிறது.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து எவன்ஸ்வில் நகரைச் சேர்ந்த ரொபர்ட் பொட் என்பவர் 1930களில் அந்தச் சம்மட்டியைக் கருவிக்குள்ளேயே அடைத்துவைத்தார். இங்கர்சோல் ராண்ட் கம்பனி அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கருவியின் உள்ளே ஒரு மோட்டார் சுழல்கிறது. அது ஒரு கனத்த இரும்புச் சுற்றைச் சுழற்றுகிறது. சுரை இலகுவாகத் திரும்பும்வரை எல்லாம் ஒன்றாகச் சுழலும். சுரை மறுத்து நின்றால், சுழலும் இரும்பு சற்றே பின்வாங்கி, வேகமெடுத்து, முனையிலுள்ள பட்டடையைப் பக்கவாட்டில் அடிக்கும். நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் அடிகள் விழும். கைச்சுத்தியல் அரைநாளில் அடிக்கும் அடியை அது ஓர் நிமிடத்தில் அடித்து முடிக்கிறது.

இதிலே வியப்பானதொன்று உண்டு. சுரையின்மேல் அத்தனை விசை பாயும்போதும் கருவியைப் பிடித்திருப்பவரின் கை முறுக்கப்படுவதில்லை. ஒவ்வோர் அடியும் கணப்பொழுதில் முடிந்துவிடுவதால், எதிர்விசை கையை வந்தடையும் முன்பே தணிந்துவிடும். இத்தன்மையைக் கண்டே அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஜெமினித் திட்டத்திற்கென்று பிளாக் அன்ட் டெக்கர் கம்பனி, கையைச் சுழற்றாத ஒரு திருகுகருவியை 1960களிற் செய்தது. நிலத்தில் ஊன்றிய கால் நமக்குண்டு. விண்வெளியில் மிதப்பவர் சாதாரண ஸ்பேனரைத் திருப்பினால் சுரை திரும்பாது, அவரே திரும்பிவிடுவார். 1966 மார்ச்சில் ஜெமினி 8இற் சென்ற டேவிட் ஸ்கொட் கலத்துக்கு வெளியே அத்தகைய கருவியைச் சோதிப்பதாயிருந்தது. கலம் கட்டுமீறிச் சுழன்றதால் அவரும் நீல் ஆம்ஸ்ட்ரோங்கும் அவசரமாகப் பூமிக்குத் திரும்பினர். சோதனை நடைபெறவில்லை.

நெடுங்காலமாக மோதுசாவி காற்றழுத்தத்தாலேயே இயங்கியது. பெரிய காற்றழுத்தியும் குழாயும் இல்லாத வீட்டுக்கு அது எட்டாக்கனி. 1991இல் சோனி கம்பனி லித்தியம் அயன் மின்கலத்தை வணிகத்துக்குக் கொணர்ந்தது. 2005 முதல் மில்வாக்கி முதலிய கம்பனிகள் அதனைக் கைக்கருவிகளிற் பொருத்தின. சம்மட்டி இப்போது குழாயையும் அறுத்துக்கொண்டு வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டது.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவமொன்றைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. சில ஆண்டுகளுக்குமுன் ஒரு மாலை, கண்டியில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்று மனைவியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். என்னுடையது 1990களில் ஆக்கப்பட்ட டொயோட்டா கொரோலா. கடுகண்ணாவைச் சரிவில் இறங்கும்போது பின்சக்கரம் பஞ்சராயிற்று. மழை பிடித்துக்கொண்டது. வளைவில் பஸ்களும் லொறிகளும் முழு வெளிச்சத்தோடு இறங்கிக்கொண்டிருந்தன. மனைவியை இறக்கி மலைப்பக்கமாக நிறுத்திவிட்டு, காரோடு வந்த சிறு ஸ்பேனரை எடுத்துச் சுரையில் மாட்டி அழுத்தினேன். அசையவில்லை. ஏறி மிதித்தேன். அப்போதும் அசையவில்லை. அதற்கு முந்திய வாரந்தான் ஒரு டயர் கடையில் அந்தச் சக்கரங்களை மாட்டியிருந்தார்கள். மோதுசாவி அன்று எழுப்பிய நெடிய ஓசையை, வேலையின் திருத்தம் என்றெண்ணி மகிழ்ந்து கேட்டுக்கொண்டு நின்றவன் நான்.

மேலேயிருந்து வந்த தோட்டத்து லொறியொன்று நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார்.

"என்ன சேர், நட்டு இறுகிப்போச்சா?"

"ஏறி மிதிச்சும் பாத்தேன் தம்பி. அசையல."

"இது காத்து மெசின்ல பூட்டுனது சேர். காலுக்கு அசையாது. பைப்பு இருக்கு, கொண்டாறேன்."

குழாயைச் செருகி அவர் நெம்பினார். மூன்று சுரைகள் 'கிறீச்' என்று கதறிக்கொண்டு கழன்றன. நான்காவது சுரை, தன் புரியாணியை இரண்டாக முறித்துக்கொண்டு வந்தது. மாற்றுச் சக்கரத்தை மூன்று சுரைகளில் நிறுத்தி, மாவனல்லைவரை ஊர்ந்து வந்தோம்.

மறுநாள் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியரிடம் இதைக் கூறினேன். அவர் சுண்ணக்கட்டியை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். என் காரின் சக்கரச் சுரைக்குத் தயாரிப்பாளர் விதித்த முறுக்குவிசை 103 நியூற்றன் மீற்றர். காரோடு வரும் ஸ்பேனரின் கை 30 சதமமீற்றர் என்று கொண்டால், அதன் முனையில் 35 கிலோ எடை தொங்கினால் அவ்வளவு விசை கிடைத்துவிடும். அறுபது கிலோ எடையுள்ளவர் முழுதாக ஏறி நின்றால் 176 நியூற்றன் மீற்றர் கிடைக்கும். அதாவது, சரியாக இறுக்கப்பட்ட சுரையை ஒரு பெண்மணியும் தனியே நின்று கழற்றிவிடலாம். துருவேறியிருந்தால் அதற்குங் கூடுதலாக வேண்டும். அதற்கும் போதிய மிச்சம் உண்டு. மோதுசாவியோ விசையை விடாமல் அழுத்திப் பிடித்தால் முந்நூறு, நானூறு என்று ஏற்றிக்கொண்டே போகும். மோதுசாவியால் இறுக்கியதை மோதுசாவியால்தான் கழற்றலாம் என்ற நிலை, டயர் கடையில் ஒரு தொல்லையுமன்று. மழை பெய்யும் மலைச்சரிவில் அது உயிருக்கே ஆபத்து.

ஆகவே வாங்க எண்ணுவோர் முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ளவேண்டும். மோதுசாவி கழற்றுவதற்குரிய கருவி. இறுக்கும் வேலையில் அதற்கு உரியது தொடக்கம் மட்டுமே, முடிவு அதற்குரியதன்று.

விளம்பரங்களில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு நியூற்றன் மீற்றர் என்று பெரும் எண்கள் வரும். அவை கழற்றும் விசையைக் குறிப்பனவா, இறுக்கும் விசையைக் குறிப்பனவா என்று பார்க்கவேண்டும். கழற்றும் எண்ணே எப்போதும் பெரிது. அதனையே பெரிய எழுத்தில் அச்சிடுவர். சிறிய காரொன்றின் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் உண்மையான முந்நூறு நானூறு போதும். எஞ்சினின் முன்முனையிலுள்ள கப்பி ஆணி போன்ற வன்மையான ஆணிகளைக் கழற்றும் துணிவுள்ளவர்க்கு மட்டுமே அதற்கு மேல் வேண்டும். முனையின் சதுரம் அரை அங்குலமாயிருத்தல் நன்று. கால் அங்குல அறுகோணத் துளையுடன் வரும் சிறுகருவி மரத்திருகாணிக்குரியது. அதன் தோற்றத்தில் ஏமாறலாகாது. காரின் 12 வோல்ட் துளையிற் செருகி இயக்கும் வகை மெலிந்தது. கிடந்து கிடந்து ஓர் அடி அடிக்கும்.

மின்கலத்தின் வோல்ட் எண்ணிலும் மயக்கமுண்டு. 18 வோல்ட், 20 வோல்ட் என்று எழுதப்படுவன பெரும்பாலும் ஒரே பொருளே. தொடராக இணைத்த ஐந்து கலங்கள், ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், ஆக 18. முழுதாக ஏற்றியவுடன் அதுவே 20ஐத் தொடும். சந்தையில் 88, 128 என்ற எண்களைப் பொறித்து விற்கும் கலங்களும் உள. உள்ளே இருப்பவை அதே ஐந்து கலங்களாயின் பொறித்த எண் வெறும் அலங்காரமே. காற்றால் இயங்கும் மோதுசாவி விலையில் மலிவு, ஆயுளில் நீண்டது. ஆனால் அதற்குச் சதுர அங்குலத்துக்கு 90 இறாத்தல் அழுத்தத்தை நின்று கொடுக்கும் காற்றழுத்தி வேண்டும். வீட்டுச் சிறு தாங்கி இரண்டு சுரையோடு மூச்சு வாங்கிவிடும். ஏற்கெனவே பெரிய அழுத்தி இல்லாதவர் மின்கல வகையை வாங்குவதே சரி என்பது என் எண்ணம். அக்கலத்தைக் காரின் பின்பெட்டியில் வெயிலிற் போட்டுவைத்தல் கூடாது. வெப்பம் அதன் ஆயுளைத் தின்றுவிடும்.

கருவியைவிடக் கவனமாக வாங்கவேண்டியது சொக்கெட். பளபளக்கும் சாதாரண சொக்கெட் கையால் திருப்புவதற்கென்று கடினமாக்கப்பட்டது. மோதுசாவியின் அடிக்கு அது கண்ணாடிபோல வெடித்துச் சிதறலாம். மோதுசாவிக்கென்று வரும் சொக்கெட் கறுப்பு நிறமாய், தடித்த சுவருடன் இருக்கும். ஆறு மூலையுடையதையே வாங்கவேண்டும். யப்பானியக் கார்களிற் பெரும்பாலானவற்றுக்கு 19 அல்லது 21 மில்லிமீற்றர் பொருந்தும். கண்ணாடி அணிந்து, காதையும் பொத்திக்கொண்டு வேலை செய்தல் நன்று. எங்கள் ஊர் டயர் கடைப் பையன்கள் இரண்டையும் செய்வதில்லை. நாற்பது வயதில் அவர்களிடம் உரக்கப் பேசவேண்டியிருக்கும்.

மொரிஸ் மைனர் வைத்திருப்போர்க்கு ஒரு தனிச் சொல். அதன் சக்கரப் புரியாணியின் பருமன் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்குதான். இன்றைய மோதுசாவியின் முழு விசையை அது தாங்காது. பழைய லொறிகள் சிலவற்றிலும் கிறைஸ்லர் வகைக் கார்களிலும் இடப்பக்கச் சக்கரங்களின் சுரைகள் எதிர்ப்புரியில் அமைந்திருந்தன. கழற்றுவதாக எண்ணி அவற்றை மேலும் இறுக்குவோர் உண்டு. மோதுசாவி கையிலிருந்தால் அந்தத் தவறு இரண்டு வினாடியில் முறிந்த ஆணியாகக் கையில் வந்துவிடும்.

இனி இறுக்குதல். சுரையை இறுக்கும்போது உண்மையில் நாம் செய்வது, புரியாணியை மிகச் சிறிதளவு இழுத்து நீட்டுவதே. நீண்ட ஆணி வில்லுச் சுருள்போலச் சுருங்க முயன்று சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. நாம் செலுத்தும் முறுக்குவிசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே இவ்விழுப்பாக மாறுகிறது. எஞ்சியது சுரையின் அடியிலும் புரியிலும் உராய்வாகக் கழிகிறது. அதனாற்றான் புரியில் எண்ணெய் பூசி இறுக்குவது தீங்காகும். உராய்வு குறைந்து, அதே விசைக்கு ஆணி அளவுக்கு மீறி இழுபடும். மோதுசாவிக்கு இவையொன்றும் தெரியாது. மின்கலத்தில் எவ்வளவு ஏற்றம் இருக்கிறது, இடையில் எவ்வளவு நீளத் தண்டு மாட்டப்பட்டிருக்கிறது, விரல் எத்தனை வினாடி அழுத்தியிருந்தது என்பவற்றைப் பொறுத்து அதன் இறுக்கம் மாறும். மிகையாக இறுகினால் ஆணி நீளும், பிரேக் தட்டு கோணும். குறைந்தால் சக்கரம் கழலும்.

நியூயோர்க் நகர நீர்வழங்கல் திணைக்களத்தில் பணியாற்றிய கொன்ராட் பார் என்பவர், குழாய் இணைப்புகளின் ஆணிகளைத் தொழிலாளர் மிகையாக இறுக்கி முறித்துவிடுவதைக் கண்டு, 1918இல் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரை ஆக்கினார். டோர்க் ரெஞ்ச் என்று இன்று விற்கப்படுவது அதன் வழித்தோன்றலே. பார் கண்டது மோதுசாவிக்குப் பன்னிரண்டு ஆண்டேனும் மூத்தது. மருந்து முந்தி வந்து, நோய் பிந்தி வந்த விந்தை இது. மோதுசாவிக்குப் பணம் சேர்ப்போர் அதில் ஒரு பகுதியை இதற்கென்று ஒதுக்கி வைக்கவேண்டும். பணம் ஒன்றுக்கே போதுமாயின், நான் அளவுச் சாவியையும் ஒரு நீண்ட கைப்பிடியையுமே வாங்குவேன்.

செய்யும் முறை இதுதான். சமதரையில் காரை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து, எதிர்ச்சக்கரத்துக்குக் கல் வைக்கவேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ் உடலை நுழைக்கலாகாது, தாங்குகால் வேண்டும். மோதுசாவியாற் சுரைகளைக் கழற்றலாம். புரிகளைக் கம்பித் தூரிகையாற் சுத்தம் செய்து, சுரைகளைக் கையாலேயே நாலைந்து சுற்று ஏற்றவேண்டும். கையால் ஏறாத சுரை கோணலாய்ப் புரியேறியிருக்கிறது என்று பொருள். அதை மோதுசாவிக்குக் கொடுத்தால், புரியை அழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். பின்பு கருவியின் மெல்லிய வேகத்தில், எதிரெதிர்ச் சுரைகளாக, சுரை சக்கரத்தைத் தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் ஏற்றி, காரைத் தரையில் இறக்கி, எஞ்சியதை அளவுச் சாவியால் முடிக்கவேண்டும். அது 'டக்' என்று சொன்னவுடன் கையை எடுத்துவிடவேண்டும். இன்னுங் கொஞ்சம் என்ற ஆசை அங்கே கூடாது. ஐம்பது அறுபது மைல் ஓடியபின் மறுபடி ஒருமுறை சோதிக்கவேண்டும். அலுமினியச் சக்கரங்களுக்கு இது மிகவும் வேண்டியது.

டயர் கடையில் வேலை முடிந்து வந்தபின்னும் இதைச் செய்யலாம். இவ்வுரையை எழுத உட்காருமுன், சென்ற கிழமை கடையொன்றில் டயர் மாற்றிய என் காரை முற்றத்தில் நிறுத்தி, பதினாறு சுரைகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி, 103இல் வைத்த அளவுச் சாவியால் மீண்டும் இறுக்கினேன். பதின்மூன்று சுரைகள் சிறு ஸ்பேனரை மிதித்தவுடன் தளர்ந்தன. இரண்டுக்கு, கடுகண்ணாவைச் சம்பவத்துக்குப்பின் வாங்கிக் காரிலேயே வைத்திருக்கும் ஒரு மீற்றர் நீளக் குழாய் தேவைப்பட்டது. ஒன்று விரலாலேயே திரும்பிற்று.